ஷினானோவின் மேற்கு வாசல்: ஷிமசாகி தோசோனின் ‘விடியலுக்கு முன்’

ஷிமசாகி தோசோனின் ‘யோஆகே மாஏ’ ஒரு காலாண்டுத் தொடராக எழுதப்பட்ட நாவல். 1929இலிருந்து 1935 வரை ‘ச்சூஓ கோரோன்’ இதழில் ஆண்டுக்கு நான்கு முறை வந்தது. வில்லியம் நாஃப் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1987இல் ஹவாய் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது. தலையணை நாவல்தான். தமிழில் ஜப்பானிய இலக்கியம் என்றால் கவாபாட்டா, முரகாமி என்ற இரண்டு பெயர்களோடு பேச்சு முடிந்துவிடுவதால் தோசோனைப் பற்றி நம்மிடையே அதிகம் எழுதப்படவில்லை. எழுதப்படும்போதும் தீண்டாமைக்கு ஆளான சாதியைச் சேர்ந்த ஓர் ஆசிரியரின் கதையான ‘ஹகாய்’ நாவலே, அதாவது 1906இல் வந்த ‘கட்டளை மீறல்’தான் நினைவுகூரப்படுகிறது. அது நல்ல நாவல். ஆனால் ‘விடியலுக்கு முன்’ செய்திருப்பது வேறு அளவிலான காரியம். ஒரு மாகாணம் எப்படி மறைகிறது என்பதை, அந்த மாகாணத்தின் கடைக்கோடி ஊரில் உட்கார்ந்துகொண்டு, முப்பது ஆண்டுக் கணக்காக அது எழுதிக்காட்டுகிறது.

அந்த மாகாணம் ஷினானோ. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் சீன முன்மாதிரியைப் பார்த்து ஜப்பானிய அரசவை நிலத்தைப் பிரித்தபோது உண்டான அறுபத்துச்சொச்சம் மாகாணங்களில் ஒன்று. கடல் தொடாதது, பத்து உட்பிரிவுகள் கொண்டது, எந்தத் திசையில் பார்த்தாலும் மலை. மாகாணம் என்ற நிர்வாக ஏற்பாடு பெயரளவுக்குச் சுருங்கிப் பல நூற்றாண்டுகள் ஆன பிறகுதான் நாவல் தொடங்குகிறது. தோக்குகவா காலத்து ஷினானோ பல பிரபுக்களுக்கும் ஷோகுனுக்குமாகத் துண்டுதுண்டாகப் பங்கிடப்பட்டிருந்தது. கதை நடக்கும் கிசோ பள்ளத்தாக்கு மாகாணக் கணக்கில் ஷினானோ. ஆட்சி என்று பார்த்தால் நகோயாவிலிருந்த ஓவாரிப் பிரபுவின் உடைமை. எனினும் ‘எங்கிருந்து வருகிறாய்?’ என்று கேட்டால் ஒருவர் சொன்ன பதில் மாகாணத்தின் பெயராகவே இருந்தது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். ஷினானோ மாகாணத்தை அவர்கள் ‘ஷினானோ நோ குனி’ என்றார்கள். குனி என்றால் மாகாணம். குனி என்றால் பிறந்த மண். குனி என்றால் தேசம். எழுதும்போது மூன்றுக்கும் ஒரே எழுத்து. அதே எழுத்தைச் சீன ஒலியில் ‘கொகு’ என்று வாசித்தால் கதாநாயகனின் தலைக்கேறிய கல்விநெறியான ‘கொகுகாகு’ கிடைக்கும். பிற்காலத்து அரசைக் குறிக்கும் ‘கொக்கா’வும் கிடைக்கும். ஆங்கிலத்தில் எழுதுபவர் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொருளைத் தேர்ந்து மற்றதைக் கைவிட்டாக வேண்டும். தமிழில் அந்தச் சங்கடம் குறைவு. சோழர் கல்வெட்டில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த வட்டாரம். கடவுச்சீட்டில் நாடு என்பது தேசம். கல்யாண வீட்டில் ‘இந்த வருஷம் நாட்டுக்குப் போனீர்களா?’ என்று கேட்பவர் இரண்டையும் கேட்கவில்லை. ஹன்சோ என்ற மனிதன் இந்தச் சொல்லின் பொருள்களுக்கு நடுவே அகப்பட்டு நசுங்கிய கதையாகவே இந்த நாவலை நான் வாசிக்கிறேன்.

அவோயாமா ஹன்சோ, தோசோனின் தந்தை ஷிமசாகி மசாகியை (1831–1886) ஒட்டி வார்க்கப்பட்ட பாத்திரம். ஊர் மாகொமே. எடோவையும் கியோத்தோவையும் மலை வழியாக இணைத்த நகாசெந்தோ நெடுஞ்சாலையின் 69 சாவடிகளில் 43ஆவது. கிசோவின் 11 சாவடிகளில் தெற்குக் கோடியில் இருப்பது. அதற்கு அப்பால் சரிவில் இறங்கினால் மினோ மாகாணம். அவோயாமா குடும்பத்தின் கையில் பரம்பரையாக மூன்று பொறுப்புகள்: பயணம் செய்யும் பிரபுக்களைத் தங்கவைக்கும் ‘ஹொன்ஜின்’ என்ற விடுதி, சுமைகளை அடுத்த சாவடிக்கு மாற்றி அனுப்பும் அலுவலகம், ஊர் மணியம். மூன்றும் ஒரே வீட்டில் இருப்பதால் அரசாங்கத்தின் கடைசிக் கையும் ஊரின் முதல் வாயும் ஒரே மனிதனாகிவிடுகிறான். நாவலின் எல்லாச் சிக்கல்களும் இந்த ஏற்பாட்டிலிருந்து கிளைக்கின்றன.

முதல் பாகத்தின் பலம் சாலைதான். 1853இல் அமெரிக்கக் கறுப்புக் கப்பல்கள் வந்த செய்தி சாவடிக்கு வதந்தியாக வந்து சேர்கிறது. 1861இல் பேரரசரின் தங்கை இளவரசி கஸுனோமியா, ஷோகுனை மணக்க கியோத்தோவிலிருந்து எடோவுக்கு இவ்வழியே போகிறார். அரசவைக்கும் ஷோகுனுக்கும் இடையே சமரசம் செய்ய நடந்த திருமணம் என்று வரலாற்று நூல் ஒரு வரியில் சொல்லிவிடும். தோசோனுக்கு அது எத்தனை சுமையாட்கள், எத்தனை குதிரைகள், எத்தனை போர்வைகள், அவற்றை யார் தருவது என்ற கேள்வி. சாவடியின் சொந்த ஆட்கள் போதாதபோது சுற்றுவட்டக் கிராமங்கள் ஆளனுப்ப வேண்டும் என்பது ‘சுகேகோ’ என்ற கடமை. நம் கல்வெட்டுகளில் வரும் வெட்டி என்பதற்கு நெருக்கமானது. மலைக்கு அப்பால் இனா பள்ளத்தாக்கிலிருந்தெல்லாம் உழவர்கள் கணவாய் ஏறி வந்து யாரோ ஒருவரின் பெட்டியைத் தூக்கிவிட்டு வயல் வேலை கெட்டுத் திரும்புகிறார்கள். அடுத்த ஆண்டே பிரபுக்களின் குடும்பங்கள் எடோவில் பணயமாக இருக்க வேண்டிய விதி தளர்த்தப்பட, அவர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்புகிறார்கள். 1864இல் மித்தோவின் கிளர்ச்சிப் படை ஷினானோவைக் கடந்து மாகொமே வழியாகப் போகிறது. எல்லாமே இந்த ஒற்றைத் தெருவின் கல்படிகளை மிதித்துப் போகின்றன. சரித்திரம் இங்கே சுமையாக வருகிறது. எடை உள்ள சுமை.

இந்த நுணுக்கம் கற்பனையில் வந்ததல்ல. அவோயாமா வீட்டுக்கு அண்டை வீட்டுக்காரராக வரும் ஃபுஷிமியா கின்பேயின் மூலவர், மாகொமேயில் சாராயம் வடித்து வணிகம் செய்த ஒருவர். அவர் பல பத்தாண்டுகள் விடாமல் எழுதிய நாட்குறிப்பு தோசோனுக்குக் கிடைத்தது. மழை, அரிசி விலை, யார் வந்தார், யார் செத்தார், எந்தப் பிரபு எத்தனை பேரோடு கடந்தார் என்ற வகைக் குறிப்புகள். கணக்குப்பிள்ளைப் புத்தி உள்ளவர்களிடம் இலக்கியக்காரர்கள் பட்டிருக்கும் கடனை யாராவது தனியே எழுத வேண்டும்.

சாலையில் நிற்கும் ஹன்சோவின் மனம் மேற்கே சரிந்திருக்கிறது. அவனுக்குப் பாடம் சொன்னவரும் அவனுடைய இரு நெருங்கிய நண்பர்களும் இருப்பது நகாட்சுகவாவில், மினோ மாகாணத்தில், ஒரு காலைநேர நடைத் தூரத்தில். புத்தகம், செய்தி, கியோத்தோ வதந்தி எல்லாம் அங்கிருந்துதான் மேலேறி வருகின்றன. ஹிராடா அட்சுதானேயின் வழிவந்த கொகுகாகு சீடர்கள் நகாட்சுகவாவிலும், ஷினானோவின் இனா பள்ளத்தாக்கிலும் நெருக்கமாக இருந்தார்கள். பட்டுப்புழு வளர்த்துக் கொஞ்சம் காசு பார்த்த ஊர் மணியக்காரர்கள், வணிகர்கள், நிலக்காரர்கள். அவர்களின் நெறி சொன்னது இதுதான்: சீனத்திலிருந்து வந்த கன்ஃபூசியமும் பௌத்தமும் படிவதற்கு முன்பு ஒரு தூய ஜப்பான் இருந்தது; பேரரசர் நேரடியாக ஆண்ட பழங்காலம் திரும்பினால் நடுவில் நிற்கும் சாமுராய்கள் இல்லாமல் மக்கள் மூச்சுவிடுவார்கள். மலையூர் மணியக்காரனுக்கு இது ஏன் இனித்தது என்பது எளிதில் புரிகிறது. தினமும் சாமுராய்க்குக் குனிந்து வணக்கம் போடுபவன் அவன். அவனது ‘பழங்காலம்’ என்பது பழம்பெருமை என்பதைவிட ஒரு முறையீடு. தமிழில் தூய தொன்மையைத் தேடிய இயக்கங்களை அறிந்த வாசகர், ஹன்சோவைக் கேலி செய்யவும் முடியாமல், கூடவே போகவும் முடியாமல் திண்டாடுவார். தோசோனும் அப்படித்தான் நிற்கிறார்.

1868 வருகிறது. ஷோகுன் ஆட்சி விழுகிறது. ஹன்சோ ஏங்கியது நடந்துவிட்டது. நாவலின் இரண்டாம் பாகம், நடந்துவிட்டதன் கதை.

முதல் அடி சீக்கிரமே விழுகிறது. பேரரசர் படைக்கு முன்னோடியாக வந்த சகாரா சோசோவின் செக்கிஹோத்தாய் அணி, நில வரியைப் பாதியாகக் குறைப்போம் என்று போகிற இடமெல்லாம் அறிவித்தது. புதிய அரசிடம் பணம் இல்லை. வாக்குறுதியை விழுங்க எளிய வழி, அறிவித்தவர்களைப் போலிப்படை என்று சொல்லிவிடுவது. சகாராவும் தோழர்களும் ஷினானோவின் ஷிமோசுவாவில் அந்த ஆண்டே தலை வெட்டப்பட்டார்கள். இந்த அணிக்கு உதவியதற்காக ஹன்சோ கண்டிக்கப்படுகிறான். சகாராவுக்கு அரசு மரணத்துக்குப் பிந்தைய மரியாதை அளித்தது 1928இல். இந்தத் தொடர் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு.

அடுத்தது நாவலிலேயே நான் அதிகம் திரும்பிப் படித்த பகுதி. நகாட்சுகவாப் பக்கம் உழவர்கள் ஆயிரக்கணக்கில் எழுகிறார்கள். விலைவாசி, புதிய காசின் குழப்பம், ஏமாற்றம். ஹன்சோவுக்குப் புரியவில்லை. மக்களுக்காகத்தானே இந்த மாற்றம்? தன் ஊர்க்காரன் ஒருவனிடம், குடும்பத்துக்கு நெடுநாள் வேண்டப்பட்டவனிடம், காரணம் கேட்கிறான். அவன் சுற்றி வளைக்கிறான். பிறகு, உங்களிடம் உண்மையைச் சொல்பவன் எவனாவது இருப்பானா என்கிற பொருளில் ஒன்றைச் சொல்லிவிடுகிறான். கோபமாகக்கூடச் சொல்வதில்லை. அவோயாமா வீட்டுத் திண்ணையில் தலைமுறை தலைமுறையாகத் தலைகுனிந்து நின்றவர்களின் மௌனம் அந்த ஒரு பதிலில் வந்து விழுகிறது. மக்களின் பெயரால் கனவு கண்டவனிடம் மக்கள் பேசவே இல்லை. பல புரட்சி நாவல்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் சொல்ல முயன்று தவறவிடுவதை தோசோன் ஒரு வாசலடிப் பேச்சில் முடித்துவிடுகிறார்.

மூன்றாவது அடி காடு. கிசோவில் நெல் விளையும் நிலம் சொற்பம். வாழ்க்கை மரத்தை நம்பியது. ஓவாரி ஆட்சி ஹினோகி, சவாரா, அசுனாரோ, நெசுகோ, கோயாமாகி என்ற ஐந்து மரங்களை வெட்டத் தடை போட்டிருந்தது. ‘ஒரு மரத்துக்கு ஒரு தலை’ என்று வழக்கில் நின்றுவிட்ட கடுமை. ஆனால் அந்தக் கடுமைக்குள் ஒரு கணக்கு இருந்தது. முற்றிலும் மூடிய மலைகள் உண்டு, வல்லூறுகளின் கூடுகளுக்காக ஒதுக்கிய மலைகள் உண்டு, மற்றவை ‘திறந்த மலை’. அங்கே ஐந்து மரங்கள் தவிர மற்றவற்றை ஊரார் எடுத்துக்கொள்ளலாம். விறகு, புல், தழை எல்லாம். அதோடு ஆண்டுதோறும் மர ஒதுக்கீடும் வந்தது. புதிய அரசின் அதிகாரிகள் வந்து நிலத்தை அளந்து தரம் பிரித்தபோது, ஐந்து மரங்களில் ஒன்று நின்றாலும் அது அரசுக் காடு என்றார்கள். திறந்த மலைகள் மூடப்பட்டன. விறகு பொறுக்கியவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள்.

ஹன்சோ கிசோவின் கிராமங்களைச் சேர்த்து மனு எழுதுகிறான். பேரரசர் ஆட்சியில் மலை மக்களுடையதாகவே இருக்கும் என்ற நம்பிக்கையோடு, பழைய உரிமைகளைச் சான்று காட்டி, மரியாதையான நடையில். பலன், 1873இல் அவனது ஊர்ப் பதவி பறிபோகிறது. ஆட்களைச் சுமக்கவைத்த பழைய ஆட்சியில் பறிபோகாத பதவி, அவன் பிரார்த்தித்து வரவழைத்த ஆட்சியில் பறிபோகிறது. அந்தக் காடுகள் பின்னர் அரச குடும்பச் சொத்தாகி, போருக்குப் பிறகு தேசியக் காடுகள் ஆயின. தேசியக் காடு என்பதை ஜப்பானிய மொழியில் எழுதினால் முதல் எழுத்து அதே குனி. ஹன்சோவின் மதத்தில் எல்லாவற்றுக்கும் உச்சியான இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். அதற்கு கிசோ மலை ஹினோகி போகிறது. தெய்வத்துக்கு மரம் கொடுத்த மலையில் விறகுக்கு வழியில்லை.

இதற்கிடையில் ஷினானோ காகிதத்திலும் கரைகிறது. 1871இல் பிரபுக்களின் ஆட்சிப்பகுதிகள் ஒழிக்கப்பட்டு, கிசோவும் இனாவும் பக்கத்து ஹிடா மாகாணமும் சேர்ந்து சிகுமா என்ற புதிய நிர்வாகப் பிரிவாகின்றன. 1876இல் மட்சுமொதோவிலிருந்த அதன் அலுவலகம் எரிந்துபோக, அதே ஆண்டு சிகுமா கலைக்கப்பட்டு ஷினானோப் பகுதி நகானோவோடும் ஹிடா கிஃபுவோடும் போகின்றன. ஐந்தாண்டில் ஒரு பெயர் பிறந்து செத்துவிட்டது. தகவல் தளங்களை இடம்மாற்றும் தொழிலில் இருக்கும் எனக்கு இந்த அவசரம் பழக்கமானது: பழைய அட்டவணையை யாரும் அழிப்பதில்லை, அதைக் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஷினானோவும் அப்படி நின்றது. 1900 வாக்கில் பள்ளிப் பிள்ளைகளுக்காக இயற்றப்பட்ட ‘ஷினானோ நோ குனி’ என்ற பாடல், மாகாணத்தின் மலைகளையும் ஆறுகளையும் பட்டியலிடுவது, நகானோ முழுக்கப் பரவியது. 1948இல் நகானோவை இரண்டாகப் பிரிக்கும் முயற்சி சட்டமன்றத்துக்கு வந்தபோது பார்வையாளர் பகுதியில் இருந்தவர்கள் அந்தப் பாடலைப் பாடிவிட, தீர்மானம் அமுங்கிப்போனதாக அங்கே இன்றும் சொல்வார்கள். 1968இல் அது அதிகாரபூர்வப் பாடலானது. பெயர் இழந்த மாகாணம் பாட்டாக உயிர் வைத்திருந்து, தன் இடத்துக்கு வந்த நிர்வாகத்தையே காப்பாற்றியிருக்கிறது.

ஹன்சோவுக்கு அந்த வழி திறக்கவில்லை. தோக்கியோவில் மத விவகார அமைச்சில் சிறிய வேலை. அங்கே அவன் போற்றிய அறிஞர்களை உடன் வேலை செய்பவர்களே நகைக்கிறார்கள். 1874இல் பேரரசரின் ஊர்வலத்தில் தன் கவிதை எழுதிய விசிறியை வண்டியை நோக்கி எறிகிறான், கைதாகிறான். பிறகு ஹிடா மலைகளில் ஓர் ஆலயத்துப் பூசகர் பணி. ஊர் திரும்பிய பின் குடி, கடன், சொத்தைப் பிள்ளைகளே எடுத்து நடத்தும் அவமானம். கடைசியில் தன் மூதாதை கட்டிய பௌத்த ஆலயத்துக்குத் தீ வைக்கப் பார்க்கிறான். குடும்பம் அவனை மரச் சட்டங்கள் அடித்த அறையில் அடைக்கிறது. 1886இல் அங்கேயே சாகிறான். தோசோன் அப்போது பதினான்கு வயதுப் பையன். ஒன்பது வயதிலேயே படிப்புக்காக தோக்கியோ அனுப்பப்பட்டவர். தந்தையின் பைத்தியத்தை அவர் கண்ணால் கண்டதைவிட வீட்டார் பேச்சில் கேட்டதே அதிகம். அந்தத் தூரம்தான் இந்தப் பக்கங்களை ஒப்பாரி ஆகாமல் காத்தது என நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. வெளிநாட்டுத் தூதர்கள், ஒப்பந்தங்கள், துறைமுகத் திறப்புகள் பற்றிய நீண்ட விவரணைகளில் மாகொமே மறைந்தே போகிறது. பாடநூலிலிருந்து கிழித்து ஒட்டியதுபோன்ற பக்கங்கள். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் களைத்து நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். தாண்டிப் போகலாம், பாவமில்லை. அதைவிடப் பெரிய குறை பெண்கள். ஹன்சோவின் மகள் ஓகுமே, தந்தையின் புத்தகங்களில் வளர்ந்தவள், நிச்சயித்த கல்யாணம் நெருங்கும்போது தற்கொலைக்கு முயல்கிறாள். பிழைக்கிறாள். ஏன் என்று அவளும் சொல்வதில்லை, தோசோனும் அவளுக்குள் போவதில்லை. உழவர்கள் ஹன்சோவிடம் பேசாததை அத்தனை கூர்மையாகக் கண்டவர், மகள் பேசாததை ஒரு புதிராக மட்டும் விட்டுவிடுகிறார். ஓகுமேயின் பக்கத்திலிருந்து இந்த நாவலை யாராவது திரும்ப எழுதினால் முதலில் வாங்குபவன் நானாக இருப்பேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. நாவல் முடிந்த 1935இல் தோசோன் ஜப்பானிய எழுத்தாளர்களின் பென் அமைப்புக்கு முதல் தலைவரானார். 1941இல், சிறைப்படுவதைவிடச் சாவதே மேல் என்று படைவீரர்களுக்குச் சொன்ன ‘செஞ்ஜின்குன்’ என்ற போர்க்கள நெறிநூலின் நடையைச் செப்பனிட்டவர்களில் அவரும் ஒருவர். குனி என்ற சொல்லின் பெரிய பொருள் சிறிய பொருளை விழுங்கியதைத் தந்தையின் உடலில் வைத்து எழுதியவர், ஆறு ஆண்டுகளில் அந்தப் பெரிய பொருளுக்கு வாக்கியம் திருத்திக் கொடுத்தார். அதனால் நாவல் பொய்யாகிவிடவில்லை. ஆனால் இதை அரசுக்கு எதிரான நாவல் என்று எளிதாக எடுத்துக்கொள்ளும் வாசிப்புகளை என்னால் ஏற்க முடியவில்லை. தந்தையைப் பைத்தியமாக்கிய பக்தியின் சூடு மகனுக்குள்ளும் இருந்தது. அந்தச் சூடு தெரிவதால்தான் ஹன்சோ கேலிச்சித்திரமாகாமல் மனிதனாக நிற்கிறான்.

மாகொமேயின் கதை அதற்குப் பிறகும் நீள்கிறது. 2005 பிப்ரவரியில் மாகொமே அடங்கிய யமாகுச்சி கிராமம், ஏறத்தாழ 2000 பேர், நகானோவை விட்டு விலகி கிஃபுவின் நகாட்சுகவா நகரத்தோடு இணைந்தது. அவர்களது கடைத்தெருவும் வேலையும் அந்தப் பக்கம்தான். நகானோவின் அப்போதைய ஆளுநர் தனாகா யசுவோ, தானும் ஒரு நாவலாசிரியர், இணைப்பு மசோதாவைத் தாக்கல் செய்ய மறுத்தார். உறுப்பினர்களே தாக்கல் செய்து நிறைவேற்றினார்கள். ஷினானோ தன் பெரிய எழுத்தாளனின் பிறந்த ஊரை இழந்துவிட்டது என்ற புலம்பல் எழுந்தது. நாவலைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பு குறைவு. ஹன்சோ புத்தகத்துக்கும் நட்புக்கும் இறங்கிப் போன அதே சரிவில்தான் ஊரும் இறங்கியிருக்கிறது. 879ஆம் ஆண்டு அரசவை நடபடிகளில் கிசோ மினோவைச் சேர்ந்தது என்றே பதிவாகியிருக்கிறது. பிற்காலத்தில்தான் அது ஷினானோ ஆனது.

பழைய எல்லை இருந்த ஷின்ச்சாயாவில் ஒரு கல் நிற்கிறது. இங்கிருந்து வடக்கே கிசோ சாலை என்று தோசோன் தன் அறுபத்தெட்டாவது வயதில் ஊராருக்கு எழுதிக்கொடுத்ததைச் செதுக்கியிருக்கிறார்கள். மாகாணத்தின் பெயரை அவர் எழுதவில்லை, சாலையின் பெயரைத்தான் எழுதினார். இப்போது அந்தக் கல்லுக்கு இரு பக்கமும் நகாட்சுகவா நகரம்.